உயிரணுவுக்குள் ஒரு விளக்கு: அது காட்டுவதை நம்பலாமா?

இந்த வரியை நீங்கள் படித்து முடிப்பதற்குள் உங்கள் இதயம் இரண்டு மூன்று முறை துடித்திருக்கும். ஒவ்வொரு துடிப்பின்போதும் இதயத் தசையின் உயிரணுக்களில் ஒரே வேலை திரும்பத் திரும்ப நடக்கிறது. கால்சியம் அயனிகள் உயிரணுவுக்குள் சட்டென்று பெருகுகின்றன, தசை சுருங்குகிறது. அடுத்த கணமே அவை அங்கிருந்து அகற்றப்படுகின்றன, தசை தளர்கிறது.

கால்சியம் என்றதும் நமக்குப் பாலும் பல்லும் எலும்பும்தான் நினைவுக்கு வரும். ஆனால், நீரில் கரைந்த கால்சியம் அயனி உடலுக்குள் ஒரு தூதுவனாகவும் வேலை செய்கிறது. தசையைச் சுருங்கச் சொல்வதும், நரம்பணு அடுத்த நரம்பணுவுக்குச் செய்தி அனுப்பத் தூண்டுவதும், கருவுற்ற முட்டையை வளரத் தொடங்கச் சொல்வதும் இந்தத் தூதுவன்தான்.

அயனிக்கு நிறம் கிடையாது. எவ்வளவு பெரிய நுண்ணோக்கியை வைத்துப் பார்த்தாலும் உயிருள்ள அணுவுக்குள் ஓடும் கால்சியம் கண்ணுக்குத் தெரியாது. அப்படியானால், அது பெருகுகிறது, குறைகிறது என்று அறிவியலாளர்கள் எப்படிச் சொல்கிறார்கள்? கால்சியத்தைப் பிடித்தவுடன் ஒளி காட்டும் மூலக்கூறுகளை உயிரணுவுக்குள் அனுப்பித்தான். இவற்றை ஒளிர் உணரிகள் என்கிறோம்.

ஒளிரும் பொருளைக் கண்டுபிடிப்பது அவ்வளவு பெரிய வேலையல்ல. அந்த ஒளி உண்மையைச் சொல்கிறதா என்று உறுதிசெய்வதுதான் பெரிய வேலை. ஒளிர் உணரிகளின் கதை முழுவதும் அந்த ஒரு கேள்வியைச் சுற்றியே நடக்கிறது.

குழாய்நீர் காட்டிய வழி

1880களில் லண்டன் மருத்துவர் சிட்னி ரிங்கர், தவளையின் இதயத்தை உடலுக்கு வெளியே எடுத்து, உப்புக் கரைசலில் வைத்துத் துடிக்கச் செய்யும் ஆய்வில் ஈடுபட்டிருந்தார். ஒரு கரைசலில் இதயம் நீண்ட நேரம் நன்றாகத் துடித்தது. அதை 1882இல் கட்டுரையாக வெளியிட்டார். பிறகுதான் ஒரு விவரம் தெரியவந்தது. அந்தக் கரைசலைக் காய்ச்சி வடித்த நீரில் தயாரிக்கவில்லை. லண்டன் குழாய்நீரில் தயாரித்திருந்தார்கள்.

காய்ச்சி வடித்த நீரில் அதே கரைசலைத் தயாரித்துப் பார்த்தபோது இதயம் வலுவிழந்து நின்றுபோனது. குழாய்நீரில் என்ன இருந்தது? கால்சியம். அதைச் சிறிதளவு சேர்த்ததும் துடிப்பு மீண்டது. ரிங்கர் 1883இல் இதைத் திருத்தி எழுதினார். இதயம் துடிக்கக் கால்சியம் வேண்டும் என்பது அப்படித்தான் உலகுக்குத் தெரிந்தது.

வேண்டும் என்று தெரிந்துவிட்டது. ஆனால், உயிரணுவுக்குள் அது எப்போது, எங்கே, எவ்வளவு தோன்றுகிறது? இதைப் பார்க்க மேலும் பல பத்தாண்டுகள் பிடித்தன. அதற்குக் காரணம் எண்களில் இருக்கிறது.

600 மில்லியனுக்கு நடுவே 60,000

வேதியியல் பாடத்தில் அவகாட்ரோ எண்ணைப் படித்திருப்பீர்கள். அதை இங்கே பயன்படுத்திப் பார்ப்போம். ஓய்வாக இருக்கும் ஓர் உயிரணுவின் திரவத்தில் தனித்துத் திரியும் கால்சியம் அயனிகளின் செறிவு ஏறக்குறைய 100 நானோமோல், அதாவது லிட்டருக்கு 0.0000001 மோல். சுமார் 12 மைக்ரோமீட்டர் விட்டமுள்ள உயிரணுவின் கொள்ளளவு ஏறத்தாழ 1 பிக்கோலிட்டர். ஒரு லிட்டரை டிரில்லியன் பங்காகப் பிரித்தால் கிடைக்கும் ஒரு பங்கு. இரண்டையும் பெருக்கி, அவகாட்ரோ எண்ணாலும் பெருக்குங்கள். விடை: ஏறக்குறைய 60,000 கால்சியம் அயனிகள்.

பெரிய எண்ணாகத் தோன்றுகிறதா? அதே உயிரணுவுக்குள் மெக்னீசியம் அயனிகளும் இருக்கின்றன. அவற்றின் செறிவை 1 மில்லிமோல் என்று வைத்துக்கொண்டால், விடை 600 மில்லியன்! கால்சியத்துக்கும் மெக்னீசியத்துக்கும் தனிம அட்டவணையில் ஒரே குடும்பம். இரண்டின் அயனிக்கும் ஒரே மின்னேற்றம். பத்தாயிரம் மெக்னீசியத்துக்கு நடுவே ஒரே ஒரு கால்சியத்தைக் கண்டுபிடித்துச் சொல்லும் மூலக்கூறுதான் நமக்குத் தேவை. ஆள் மாறிவிட்டால் அது காட்டும் ஒளி வெறும் பொய்.

உயிரணுவுக்கு வெளியே நிலைமை நேர்மாறு. இரத்தத்திலும் திசுக்களுக்கு இடையிலுள்ள நீரிலும் கால்சியத்தின் செறிவு, உயிரணுவின் உள்ளே இருப்பதைப்போல் பத்தாயிரம் மடங்குக்கும் மேல். எனவே உயிரணுவின் சவ்வில் சிறு ஓட்டை விழுந்தாலும் வெளியே இருக்கும் கால்சியம் உள்ளே பாய்ந்துவிடும். உயிரணுவை அரைத்துச் சோதித்தாலோ, எல்லாம் கலந்து ஒன்றாகிவிடும். உயிரோடு இருக்கும்போதே, சவ்வைச் சிதைக்காமல் பார்த்தாக வேண்டும்.

கழிவுத்தொட்டியில் மின்னிய நீல ஒளி

முதல் உதவி கடலிலிருந்து வந்தது. 1961ஆம் ஆண்டுக் கோடையில் ஜப்பானிய அறிவியலாளர் ஒசாமு ஷிமோமுரா, அமெரிக்காவின் மேற்குக் கரையிலுள்ள ஃபிரைடே ஹார்பர் ஆய்வகத்தில் ஜெல்லிமீன்களிலிருந்து ஒளிரும் பொருளைப் பிரித்தெடுக்க முயன்றுகொண்டிருந்தார். ஒருநாள், வேலைக்கு உதவாது என்று நினைத்த சாற்றைக் கழிவுத்தொட்டியில் கொட்டினார். தொட்டி நீல ஒளியில் பளிச்சிட்டது. மீன்தொட்டியிலிருந்து வழிந்த கடல்நீர் அதே இடத்தில் சேர்ந்துகொண்டிருந்தது. கடல்நீரில் இருந்த கால்சியமே அந்த ஒளியைத் தூண்டியது.

அவர் பிரித்தெடுத்த புரதத்தின் பெயர் ஏக்குவோரின். கால்சியம் பட்டால் ஒளி தரும் புரதம் கையில் கிடைத்ததும் மற்றவர்கள் அதை உயிரணுவுக்குள் செலுத்தத் தொடங்கினார்கள். கடலோரப் பாறைகளில் ஒட்டி வளரும் கொட்டலசு இனங்களில் ஒன்றுக்கு, வெறுங்கண்ணுக்கே தெரியும் அளவுக்குத் தடித்த தசைநார்கள் உண்டு. 1967இல் ரிட்ஜ்வே, ஆஷ்லி ஆகிய இருவரும் அந்தத் தசைநாருக்குள் ஏக்குவோரினை ஊசியால் ஏற்றி, தசையைத் தூண்டியபோது கால்சியம் எழுந்து அடங்குவதை ஒளியாகப் பதிவுசெய்தார்கள். 1970களின் இறுதியில் மெடாகா என்னும் ஜப்பானிய மீனின் முட்டையில் இன்னும் வியப்பான காட்சி கிடைத்தது. விந்தணு நுழைந்த இடத்தில் தொடங்கிய கால்சியம் அலை ஒன்று, முட்டையின் மறுமுனை வரை பரவிச் சென்றது!

ஆயினும் இந்த முறைக்கு எல்லை உண்டு. ஏக்குவோரின் மூலக்கூறு ஒருமுறை ஒளி தந்தால் அதன் வேலை முடிந்துவிடும். ஒளியும் மிக மங்கல். தடித்த தசைநாரிலும் பெரிய மீன் முட்டையிலும் ஊசி போடலாம். 12 மைக்ரோமீட்டர் உயிரணுவில் ஊசி இறங்கினால் பெரும்பாலும் உயிரணுவே போய்விடும்.

ஒளிர்வு என்பது என்ன?

இங்கே சற்று நின்று ஒளிர்வைப் புரிந்துகொள்வோம். புத்தகத்தில் முக்கிய வரிகளைக் குறிக்கும் மஞ்சள் நிற மையை நீங்கள் பார்த்திருக்கிறீர்கள். அது ஏன் சாதாரண மஞ்சள் வண்ணத்தைவிடப் பளிச்சென்று இருக்கிறது? சில மூலக்கூறுகள் ஒளியை உறிஞ்சி, அந்த ஆற்றலில் ஒரு சிறு பகுதியை வெப்பமாக இழந்துவிட்டு, மீதியை மறுபடி ஒளியாகவே வெளியிடுகின்றன. இவை அனைத்தும் ஒரு வினாடியின் பில்லியனில் சில பங்கு நேரத்துக்குள் முடிந்துவிடும். ஆற்றல் கொஞ்சம் குறைந்துவிட்டதால் வெளிவரும் ஒளியின் அலைநீளம் கூடியிருக்கும். கண்ணுக்குத் தெரியாத புற ஊதாக் கதிர் உள்ளே போய், நீலமாகவோ பச்சையாகவோ வெளியே வரும்.

இந்தப் பண்புக்கு 1852இல் பெயர் சூட்டியவர் ஜார்ஜ் ஸ்டோக்ஸ். அவர் சோதித்த பொருள்களில் ஒன்று மலேரியாவுக்கு மருந்தாகக் கொடுக்கப்பட்ட குவினைன் கரைசல். குவினைன் இக்கட்டுரையின் முடிவில் மறுபடியும் வரும், நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

ஒளிரும் சாயத்துக்கு ஏக்குவோரினைவிட ஒரு பெரிய நன்மை உண்டு. ஒரே மூலக்கூறு மறுபடி மறுபடி, ஆயிரக்கணக்கான முறை ஒளி தரும். ஆனால், கால்சியத்தை மட்டும் அடையாளம் காணும்படி சாயத்தை யார் வடிவமைப்பது?

அளவெடுத்துச் செய்த கூண்டு

அந்த வேலையை எடுத்துக்கொண்டவர் ரோஜர் சியென். 1952இல் நியூயார்க்கில் பிறந்தவர். சிறு வயதில் ஆஸ்துமாவால் வீட்டுக்குள் அடைந்து கிடந்த நாள்களில் வேதியியல் சோதனைகளில் ஆர்வம் கொண்டார். 16 வயதில் அமெரிக்காவின் தேசிய அறிவியல் போட்டியில் முதல் பரிசு பெற்றார். பிறகு இங்கிலாந்தின் கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்தில் ஆய்வு செய்யும்போது, உயிரணுவைப் பார்க்க நல்ல சாயங்கள் இல்லை என்பதைக் கண்டு, தாமே அவற்றைச் செய்யத் தொடங்கினார்.

கால்சியத்தைப் பிடிக்கும் ஒரு மூலக்கூறு அப்போதே இருந்தது. அதன் கைகளைப்போல் நீண்ட பகுதிகளின் முனைகளில் உள்ள ஆக்சிஜன் அணுக்களும், நடுவிலுள்ள நைட்ரஜன் அணுக்களும் சேர்ந்து கால்சியம் அயனியைக் கூண்டுபோல் சூழ்ந்துகொள்ளும். கால்சியம் அயனியின் ஆரம் ஏறக்குறைய 0.1 நானோமீட்டர், மெக்னீசியம் அயனி அதைவிடச் சிறியது, ஏறக்குறைய 0.07 நானோமீட்டர். கால்சியத்துக்கு அளவெடுத்த கூண்டில் மெக்னீசியம் தளர்வாகத்தான் உட்காரும். அண்ணனுக்குத் தைத்த சட்டையைத் தம்பி போட்டுக்கொண்டதுபோல. ஆகவே மெக்னீசியம் அதில் நிலைத்து நிற்காது.

ஆனால், அந்தப் பழைய மூலக்கூறுக்கு இரண்டு குறைகள். ஒன்று, அதன் நைட்ரஜன் அணுக்களை ஹைட்ரஜன் அயனிகள் முன்பே பிடித்துக்கொண்டிருக்கும். கால்சியம் வந்தால் முதலில் அவற்றை வெளியேற்ற வேண்டும். இதனால் வேகமும் குறையும். உயிரணுவின் அமிலத்தன்மை சற்று மாறினாலே அளவீடும் மாறிவிடும். இரண்டாவது, அது ஒளி எதுவும் தருவதில்லை.

சியென் அந்த நைட்ரஜன் அணுக்களைப் பென்சீன் வளையங்களோடு இணைத்தார். வளையங்கள் நைட்ரஜனிடமிருந்து சிறிது எலக்ட்ரான் அடர்த்தியைத் தம் பக்கம் இழுத்துக்கொண்டதால், ஹைட்ரஜன் அயனிகளின் பிடி தளர்ந்தது. அதே வளையங்கள் புற ஊதாக் கதிரை உறிஞ்சும் தன்மையையும் தந்தன. ஒரே மாற்றம், இரண்டு குறைகளுக்கும் மருந்து! 1980இல் வெளியான இந்த மூலக்கூறுக்குப் பாப்டா என்று பெயர். மெக்னீசியத்தைவிடக் கால்சியத்தை அது 100,000 மடங்குக்கும் மேல் விரும்பிப் பிடித்தது. பத்தாயிரத்துக்கு ஒன்று என்ற கூட்டத்திலும் ஆள் மாறாது.

பிடித்ததும் எப்படி ஒளிர்கிறது?

அயனி உட்கார்ந்தால் விளக்கு எரிய வேண்டும். இதற்கு ஒரு தெளிவான வழி உண்டு. உணரியை இரண்டு பகுதிகளாக எண்ணிக்கொள்ளுங்கள்: அயனியைப் பிடிக்கும் கூண்டு, ஒளிரும் சாயம். இரண்டையும் ஒரு குறுகிய பாலம் இணைக்கிறது. கூண்டு காலியாக இருக்கும்போது, சாயம் ஒளியை உறிஞ்சி ஒளிரத் தயாராகும் வேளையில், கூண்டிலிருந்து ஓர் எலக்ட்ரான் பாலத்தைத் தாண்டிச் சாயத்தில் குதித்துவிடும். உறிஞ்சிய ஆற்றல் அதிலேயே வீணாகி, ஒளி வராது. அயனி வந்து கூண்டில் அமர்ந்தால் அதன் நேர்மின்னேற்றம் அந்த எலக்ட்ரானை இழுத்துப் பிடித்துக்கொள்ளும். குதிக்க முடியாது. சாயம் ஒளிரும்.

இந்த எலக்ட்ரான் தாவலை ஒரு வடிவமைப்பு முறையாகவே வளர்த்தெடுத்தவர், இலங்கையில் பிறந்து வட அயர்லாந்தின் பெல்ஃபாஸ்ட் குயின்ஸ் பல்கலைக்கழகத்தில் பணியாற்றிய வேதியியலாளர் பிரசன்ன டி சில்வா. 1993இல் அவருடைய குழு, சோடியம் அயனியும் ஹைட்ரஜன் அயனியும் இரண்டுமே வந்தால் மட்டும் ஒளிரும் மூலக்கூறை உருவாக்கியது. கணினிப் பாடத்தில் நீங்கள் படிக்கும் "மற்றும்" தருக்க வாயிலை ஒற்றை மூலக்கூறில் செய்துகாட்டியதைப் போன்றது இது. இரத்தத்தில் சோடியம், பொட்டாசியம் அளவைச் சில நிமிடங்களில் சொல்லும் மருத்துவக் கருவிகளிலும் இதே தத்துவம் பயன்படுகிறது.

உள்ளே போகலாம், வெளியே வர முடியாது

நல்ல உணரி செய்தாகிவிட்டது. ஊசி இல்லாமல் அதை உயிரணுவுக்குள் எப்படி அனுப்புவது? உயிரணுச் சவ்வு கொழுப்பாலானது. மின்னேற்றம் கொண்ட மூலக்கூறுகளை அது உள்ளே விடாது. பாப்டா வகை மூலக்கூறுகளில் நான்கு எதிர்மின்னேற்றங்கள் இருக்கின்றன.

1981இல் சியென் இதற்கு விடை கண்டார். நான்கு எதிர்மின்னேற்றங்கள் மீதும் நான்கு சிறிய வேதியியல் மூடிகளைப் போட்டார். மின்னேற்றம் மறைந்ததும் மூலக்கூறு சவ்வைத் தடையின்றிக் கடந்து உள்ளே போனது. உயிரணுவுக்குள் எப்போதும் இருக்கும் சில நொதிகள் அந்த மூடிகளை வெட்டி அகற்றின. மின்னேற்றம் வெளிப்பட்டது. இனி அதே சவ்வைக் கடந்து வெளியேற முடியாது. ஆற்றில் வைக்கும் மீன்பறியைப் பார்த்திருக்கிறீர்களா? மீன் எளிதாக உள்ளே போகும், வெளியே வர வழி தெரியாது. அதே உத்திதான். சாயம் கலந்த நீரில் உயிரணுக்களைக் கொஞ்ச நேரம் வைத்தாலே போதும். அவையே சாயத்தை நிரப்பிக்கொள்ளும். அடுத்த ஆண்டே, குயின்-2 என்ற உணரியைக் கொண்டு, ஊசி போட இயலாத மிகச் சிறிய வெள்ளணுக்களில் கால்சியத்தை அளந்தார்கள்.

மூன்று ஐயங்கள்

இப்போது விளக்கு எரிகிறது. முதலில் கேட்ட கேள்விக்கு வருவோம். அது காட்டுவதை நம்பலாமா? குயின்-2ஐப் பயன்படுத்தியவர்களுக்கு நியாயமான ஐயங்கள் எழுந்தன.

முதல் ஐயம்: ஓர் இடம் பிரகாசமாகத் தெரிந்தால், அங்கே கால்சியம் அதிகமா, அல்லது சாயம் அதிகமா? உயிரணுவின் தடித்த பகுதியில் சாயம் கூடுதலாக இருக்கும். நேரம் ஆக ஆகச் சாயம் வெளுத்து மங்கும். "என் தங்கை 40 மதிப்பெண் வாங்கினாள்" என்று ஒருவர் சொன்னால் நீங்கள் என்ன கேட்பீர்கள்? "எத்தனைக்கு 40?" என்றுதானே. ஐம்பதுக்கா, நூறுக்கா என்று தெரியாமல் அந்த எண்ணுக்குப் பொருள் இல்லை.

1985இல் சியெனும் அவருடைய குழுவினரும் வெளியிட்ட ஃபியூரா-2 இந்தக் கேள்விக்குப் பதில் சொன்னது. அதை 340 நானோமீட்டர், 380 நானோமீட்டர் ஆகிய இரண்டு புற ஊதா அலைநீளங்களால் மாறி மாறித் தூண்டலாம். இரண்டிலும் வெளிவருவது 510 நானோமீட்டர் அளவிலான பச்சை ஒளிதான். கால்சியத்தைப் பிடித்ததும், 340இல் தூண்டினால் ஒளி கூடும். 380இல் தூண்டினால் ஒளி குறையும். முதல் எண்ணை இரண்டாவதால் வகுத்துப் பாருங்கள். சாயம் இரண்டு மடங்கு இருந்தால் இரண்டு எண்களும் இரண்டு மடங்காகும், விகிதம் மாறாது. கால்சியம் மாறினால் மட்டுமே விகிதம் மாறும். ஆரம்பப் பள்ளியில் படித்த வகுத்தல் இங்கே ஒரு பெரிய சிக்கலைத் தீர்த்துவைத்தது.

இரண்டாவது ஐயம் இன்னும் ஆழமானது. உணரி கால்சியத்தைப் பிடித்துத்தானே ஒளிர்கிறது? அப்படியானால், அளக்க வந்த உணரியே கால்சியத்தை உறிஞ்சிக்கொள்கிறதே! ஒரு சிறிய கிண்ணத்திலுள்ள சூடான தேநீரின் வெப்பத்தை அளக்க, குளிர்ந்த பெரிய கரண்டியை அதற்குள் விட்டால் தேநீரே ஆறிவிடும். குயின்-2இன் ஒளி மங்கலாக இருந்ததால் அதை நிறையச் சேர்க்க வேண்டியிருந்தது. அது உயிரணுவின் கால்சியம் அலைகளையே அமுக்கியது. ஃபியூரா-2 அதைவிட 30 மடங்கு வரை பிரகாசமானது. குறைவாகச் சேர்த்தால் போதும். உயிரணு தன் இயல்பில் இருக்கும். எனவே, உணரியின் பிரகாசம் அழகான படத்துக்காக மட்டுமல்ல, நேர்மையான அளவீட்டுக்காகவும் தேவை.

மூன்றாவது ஐயம்: வேறு யாராவது வந்து கூண்டில் உட்கார்ந்துவிட்டால்? மெக்னீசியம் வராது. ஆனால், துத்தநாகம் ஃபியூரா-2ஐக் கால்சியத்தைவிட இறுக்கமாகப் பிடித்துக்கொள்ளும். பெரும்பாலான உயிரணுக்களில் தனித்துத் திரியும் துத்தநாகம் மிக மிகக் குறைவு என்பதால் ஆபத்து சிறிது. ஆயினும், கவனமான ஆய்வாளர்கள் கனஉலோகங்களை மட்டும் பிடித்து அகற்றும் வேறொரு மூலக்கூறைச் சேர்த்து, ஒளி மாறுகிறதா என்று சோதிப்பார்கள். மாறினால், பார்த்தது கால்சியம் அல்ல.

ஒளி தெரிந்ததும் மகிழ்ந்துவிடாமல், "இது வேறு எதனால் இருக்கலாம்?" என்று கேட்டு, ஒவ்வொரு மறுவிளக்கத்தையும் ஒரு சோதனையால் நீக்குவது. இந்தப் பழக்கமே ஒளிர்வை அளவீடாக மாற்றியது.

இதயத்துக்குள் தீப்பொறி

நம்பத்தக்க உணரி கிடைத்தபின் என்ன தெரியவந்தது? ஒரே ஓர் எடுத்துக்காட்டு போதும். 1989இல் சியெனின் ஆய்வகம் ஃபுளூவோ-3 என்ற உணரியை வெளியிட்டது. 1993இல் செங், லெடரர், கானல் ஆகிய மூவரும் அதைப் பயன்படுத்தி, ஓய்வாக இருந்த இதயத் தசை உயிரணுவைப் பார்த்தார்கள். அங்கங்கே சிறு சிறு ஒளிப்புள்ளிகள் தோன்றி மறைந்தன. ஒவ்வொன்றும் ஏறக்குறைய 2 மைக்ரோமீட்டர் அகலம். சில பத்து மில்லிவினாடிகளே நீடித்தது. கால்சியத் தீப்பொறிகள் என்று அவற்றுக்குப் பெயரிட்டார்கள்.

உயிரணுவுக்குள் கால்சியத்தைச் சேமித்துவைக்கும் கிடங்கு ஒன்று உண்டு. அதன் சில வாயில்கள் ஒரு கணம் திறந்து மூடுவதே அந்தத் தீப்பொறி. ஓய்வில் ஒன்றிரண்டு தோன்றும். மின் கட்டளை வந்ததும் ஆயிரக்கணக்கானவை ஒரே நேரத்தில் எழும்; அதுதான் ஒரு துடிப்பு. இந்த வாயில்களின் மரபணுவில் பிழை இருந்து அவை நேரம் தவறித் திறந்தால், இதயத் துடிப்பு ஆபத்தான முறையில் சீர்குலையக்கூடும் என்பதும் பின்னர் தெரிந்தது. கால்சியம் இல்லாமல் இதயம் துடிக்காது என்று ரிங்கர் சொல்லி 110 ஆண்டுகளுக்குப் பிறகு, அது எப்படித் துடிக்க வைக்கிறது என்பதைக் கண்ணாலேயே பார்க்க முடிந்தது.

உயிரணுவே செய்துகொள்ளும் உணரி

சாயத்தை நீரில் கலந்து கொடுத்தால் அது அக்கம்பக்கத்து உயிரணுக்கள் எல்லாவற்றிலும் நுழைந்துவிடும். மூளையில் ஒரு குறிப்பிட்ட வகை நரம்பணுவை மட்டும் பார்க்க வேண்டுமென்றால்? உணரியை உயிரணுவே தயாரித்துக்கொண்டால் நல்லது. ஷிமோமுராவின் ஜெல்லிமீனில் ஏக்குவோரினோடு பச்சை ஒளிர்வுப் புரதம் என்ற இன்னொரு புரதமும் இருந்தது. அதன் மரபணுவை 1992இல் பிரித்தெடுத்தவர் டக்ளஸ் பிராஷர். தம் ஆய்வுக்குத் தொடர்ந்து நிதி கிடைக்காத நிலையில், அந்த மரபணுவை மார்ட்டின் சால்ஃபி, ரோஜர் சியென் ஆகியோருக்குக் கொடுத்தார். 2008இல் வேதியியலுக்கான நோபெல் பரிசை ஷிமோமுரா, சால்ஃபி, சியென் மூவரும் பகிர்ந்துகொண்டபோது, பிராஷர் அமெரிக்காவின் அலபாமா மாநிலத்தில் ஒரு கார் விற்பனை நிலையத்தின் வாகன ஓட்டுநராக வேலை செய்துகொண்டிருந்தார். சில ஆண்டுகள் கழித்து சியெனின் ஆய்வகத்தில் சேர்ந்து மீண்டும் அறிவியலுக்கு வந்தார்.

1997இல் சியெனின் குழு, இரண்டு நிறப் புரதங்களை இணைத்து மரபணு வழியிலான கால்சியம் உணரியைச் செய்தது. கால்சியம் வந்தால் புரதம் மடங்கும். இரண்டு நிறங்களின் விகிதம் மாறும். இங்கேயும் அதே விகித உத்திதான். 2001இல் ஜப்பானில் ஜுனிச்சி நகாய் குழு ஒற்றை நிற உணரி ஒன்றை உருவாக்கியது. அதன் மேம்பட்ட வடிவத்தைக் கொண்டு, 2013இல் அமெரிக்காவின் ஜனீலியா ஆய்வகத்தில் வரிக்குதிரை மீன் குஞ்சின் முழு மூளையையும் படமெடுத்தார்கள். உடல் கண்ணாடிபோல் தெளிந்த அந்தக் குஞ்சின் மூளையில் ஏறக்குறைய 100,000 நரம்பணுக்கள். அவற்றில் 80 விழுக்காட்டுக்கும் மேற்பட்டவற்றைத் தனித்தனியே, 1.3 வினாடிக்கு ஒருமுறை பதிவுசெய்தார்கள்.

இன்று கால்சியத்துக்கு மட்டுமின்றி, துத்தநாகம், பொட்டாசியம், அமிலத்தன்மை, ஹைட்ரஜன் பெராக்சைடு என்று பலவற்றுக்கும் உணரிகள் உள்ளன. சியென் சென்ற வழி, இலக்கை முதலில் வைத்து அதற்கு ஏற்ப மூலக்கூறை வடிவமைப்பது. சிங்கப்பூர் தேசியப் பல்கலைக்கழகத்தில் பேராசிரியராக இருந்தபோது யங்-டே சாங் எதிர்த்திசையில் போனார். முதலில் ஒளிரும் மூலக்கூறுகளை ஏராளமாகச் செய்து குவித்து, அவற்றில் எது எந்த உயிரணுவைத் தேர்ந்தெடுத்து ஒளியூட்டுகிறது என்று சலித்துத் தேடினார். அப்படிக் கிடைத்த ஒன்றுதான் 2012இல் அறிவிக்கப்பட்ட, நரம்புக் குருத்தணுக்களில் உள்ள ஒரு புரதத்தோடு சேர்ந்து ஒளிரும் சாயம். வழி எதுவானாலும், ஐயங்களைக் கேட்டுத் தீர்க்காமல் எந்தச் சாயமும் உணரியாக ஏற்கப்படுவதில்லை.

நீங்களும் செய்து பார்க்கலாம்

ஓர் ஒளிர் உணரி உங்கள் பக்கத்துப் பேரங்காடியிலேயே இருக்கிறது. கசப்புச் சுவையுள்ள டானிக் வாட்டர் என்ற பானத்தில் குவினைன் உண்டு. அதன் ஒளிர்வைக் குளோரைடு அயனிகள் அணைத்துவிடும். குவினைனின் அமைப்பை ஒத்த சாயங்களைக் கொண்டு, உயிரணுக்களுக்குள் குளோரைடு அளவை 1980களிலிருந்து அளந்துவருகிறார்கள்.

வீட்டில் பெரியவர் ஒருவரின் துணையோடு செய்யுங்கள். புற ஊதாக் கைவிளக்கை யாருடைய கண்ணை நோக்கியும் காட்டக் கூடாது. சோதித்த பானத்தைக் குடிக்கவும் கூடாது.

1. டானிக் வாட்டரைத் திறந்து, குமிழிகள் அடங்கும்வரை வைத்திருங்கள்.
2. ஒரே மாதிரியான மூன்று கண்ணாடிக் குவளைகளில் சம அளவு ஊற்றுங்கள்.
3. முதல் குவளையில் எதுவும் சேர்க்காதீர்கள். இரண்டாவதில் ஒரு தேக்கரண்டி சமையல் உப்பு. மூன்றாவதில் ஒரு தேக்கரண்டி சர்க்கரை. நன்றாகக் கரையுங்கள்.
4. இருட்டறையில் மூன்றின் மீதும் ஒரே தொலைவிலிருந்து புற ஊதா ஒளியைப் பாய்ச்சுங்கள்.

உப்புக் குவளையின் நீல ஒளி மங்கியிருப்பதைக் காண்பீர்கள். சமையல் உப்பில் உள்ள குளோரைடின் வேலை அது. உங்கள் தம்பியோ தங்கையோ கேட்கலாம்: "உப்புத்தான் காரணம் என்று எப்படிச் சொல்கிறாய்? எதைப் போட்டுக் கலக்கினாலும் மங்கிவிடும் போலிருக்கிறதே?" அப்போது சர்க்கரைக் குவளையைக் காட்டுங்கள். மூன்றாவது குவளையை எதற்காக வைத்தோம் என்பது அவர்களுக்கு மட்டுமல்ல, உங்களுக்கும் அப்போது விளங்கும்.

அடுத்த கேள்வி உங்களுக்கு. உப்பில் குளோரைடு மட்டுமல்ல, சோடியமும் இருக்கிறது. ஒளியை அணைத்தது சோடியம் அல்ல என்று காட்ட, நான்காவது குவளையில் எதைச் சேர்ப்பீர்கள்? சமையலறையில் சோடியம் இருந்தும் குளோரைடு இல்லாத பொருள் ஒன்று உண்டு. ஆனால், அது பானத்தின் அமிலத்தன்மையையும் மாற்றிவிடுமா என்று யோசித்துவிட்டுச் சேருங்கள். விடையை உங்கள் அறிவியல் ஆசிரியரோடு பேசிப் பாருங்கள்.